சுருட்டாத பாய்

அட்பரா
மார்ச் 4, 2021

அன்புள்ள பாபிகர் அண்ணாவுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இறைவன் நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். நான் சுகம். முதுகுவலி மட்டும் குளிர் போன பிறகும் போக மறுக்கிறது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக முந்தஸிரின் பாயை உதறினேன். இரவெல்லாம் புழுதிக் காற்று. ஓலை இடுக்குகளில் மணல் ஏறி, தூக்கும்போது ஒரு குழந்தையின் கனம் இருந்தது. உதறிவிட்டு, வேப்பமரத்தடியில் அதே இடத்தில் மறுபடி விரித்தேன். மூன்றாம் நாள் சுருட்ட வேண்டிய துக்கப் பாய், இரண்டு வருடங்களுக்கு மேலாக விரித்தபடி கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஸகீனா மாமி சுவருக்கு மேல் தலையை நீட்டி ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி இக்லாஸ், உன் தம்பி சொர்க்கத்துல சாஞ்சு படுத்திருக்கான். நீ என்னடான்னா இங்க தினம் தூசி தட்டிக்கிட்டிருக்கே. கரையானுக்கே இந்தப் பாயப் பாத்துச் சலிச்சுப் போச்சு போ!"

சலிக்கட்டும். செய்தி இதுதான். சிப்பாய் ஹைதருக்கு விதித்த தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. ஜூலை 11 அன்று கொல்லப்பட்டவனின் இரத்த உரிமையாளர்கள் நீதிபதி முன்னால் நின்று, தண்டனையா மன்னிப்பா என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அம்மா அப்பா இல்லை, முந்தஸிருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அதனால் உரிமை நம் இரண்டு பேருக்குத்தான். வக்கீல் விரலை நீட்டி மடக்கிக் காட்டினார். "ரெண்டு பேரும் தண்டனை வேணும்னா கயிறு. ஒருத்தர் மன்னிச்சாலும் போதும்மா, கயிறு அவுந்துரும்."

ஹைதர் தொங்குவதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்பது உனக்குத் தெரியும். ஊர்வலத்தில் பிடித்துக்கொண்டு போன நம் தம்பியை ராணுவத்தின் அந்த வீட்டுக்குள் வைத்து அடித்துக் கொன்றது அவன் கை. அடிக்கச் சொன்ன வாய் யாருடையது? விசாரணையில் "மேலிடத்து உத்தரவு" என்று ஒரே ஒரு தடவை சொன்னான், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. கயிறு கண்ணுக்குத் தெரிந்தால்தான் திறப்பான். அந்தப் பெயர் வெளியே வந்த அன்றே நான் அவனை மன்னிப்பேன். பாயையும் சுருட்டுவேன்.

போனில் பேச வேண்டாம் என்கிறாய். அதனால் தோம் மாமாவின் பஸ்ஸில் இது வருகிறது. ஜூலையில் நீ என் பக்கத்தில் நின்றால் போதும்.

உன் தங்கை
இக்லாஸ்

*

கார்த்தூம்
மார்ச் 19

அன்புத் தங்கை இக்லாஸுக்கு,

உன் முதுகுக்கு எள்ளெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல். எங்கள் எல்லோருக்கும் சுகமே. எனக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, ரொட்டி விலையைப் போல. ஆனால் ரொட்டி விலை இறங்குவதில்லை.

தோம் மாமா கடிதத்தைக் கொடுக்கும்போது ஒரு பிரசங்கமும் சேர்த்துக் கொடுத்தார். "மந்திரி சபையில உக்காந்திருக்கிற ஆளே போன்ல பேசப் பயந்தா, நாங்கள்லாம் தும்மலாமா கூடாதாய்யா?" அவர் சொல்வதும் சரிதான். இந்த இடைக்கால அரசு, இரண்டு பேர் ஏறியிருக்கும் ஒரு கழுதை. கடிவாளம் எங்கள் கையில், சாட்டை ராணுவத்தின் கையில். இருந்தாலும் கழுதை தேர்தலைப் பார்த்துத்தான் நடக்கிறது. பழைய ஆட்சியில் சிறையில் கிடந்தபோது இதைக்கூட நான் கனவு கண்டதில்லை.

ராணுவத் தரப்பிலிருந்து எங்களோடு உட்காருபவர் பிரிகேடியர் ஸிராஜ். குரலை உயர்த்தாத மனிதர். பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு, சர்க்கரை போடாத தேநீர் குடிப்பார். எனக்கு நோய் இருப்பது தெரிந்ததும், மறுநாளிலிருந்து என் கோப்பையிலும் சர்க்கரை வேண்டாமென்று பணியாளிடம் அவரே சொல்லிவிட்டார். "அட்பராவா நீங்க? அங்க ரெண்டு வருஷம் இருந்தேனே! உங்க ஊர் மீனுக்கு இந்தத் தலைநகரத்தையே எழுதிக் குடுக்கலாம்" என்றார். இப்படிப்பட்டவர்களும் அந்தப் பக்கம் இருப்பதால்தான் எனக்கு நம்பிக்கை.

ஜூலையில் உன் பக்கத்தில் நிற்பேன். அதையும் எழுதிக் கேட்க வேண்டுமா?

உன் அண்ணன்
பாபிகர்

*

அட்பரா
ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நோன்பு நெருங்குகிறது. உன் உடம்புக்கு நோன்பு வேண்டாமென்று மருத்துவர் சொன்னால் கேள். அண்ணிக்கு என் சலாம். நோன்பு திறக்கக் குடிக்கும் ஹிலுமுர்ருக்கு ஸகீனா மாமி சோளத்தை முளைகட்டி வைத்திருக்கிறாள், தெரு முழுக்கப் புளித்த வாடை. உனக்கும் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

வக்கீல் ஹைதரைச் சிறையில் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு தடவைதான் சொல்லுவேன். அவங்க ரெண்டு பேரும் முன்னால நிக்கணும்" என்றானாம். அண்ணா, அவன் சொல்லத் தயாராகிவிட்டான். தண்ணீர் நிலையத்தின் சோதனைக் கூடத்தில் அன்று ஒரு கண்ணாடிக் குடுவையைப் போட்டு உடைத்தேன். இத்தனை வருட வேலையில் அது முதல் தடவை.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பிரிகேடியர் இங்கே இருந்தது எந்த இரண்டு வருடம்? நம் ஊர் மீனைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் ஆற்றங்கரைப் பக்கம் இருந்திருக்க வேண்டும். முந்தஸிரைக் கொண்டுபோன வீடும் ஆற்றங்கரையில்தான். தற்செயலாக இருக்கலாம். கேட்டு எழுது.

உன் தங்கை
இக்லாஸ்

*

கார்த்தூம்
மே 24

அன்புத் தங்கைக்கு,

பெருநாள் வாழ்த்துகள். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. பெட்ரோல் மானியத்தை நிறுத்துவது பற்றி இரவு பகலாகக் கூட்டங்கள். நீ அனுப்பிய ஹிலுமுர்ரைக் குடித்தபோது அம்மாவின் சமையலறை வாசம் வந்தது. உன் அண்ணி கண் கலங்கிவிட்டாள்.

இங்கே நிலைமை நீ செய்தியில் கேட்பதைவிட மோசம். எங்கள் கூட்டணிக்குள்ளேயே நான்கு கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அமைதியாக வேடிக்கை பார்க்கிறார்கள். நவம்பரில், நாட்டை ஆளும் தலைமைக் குழுவின் தலைவர் நாற்காலி ராணுவத்திடமிருந்து சிவிலியன் கைக்கு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதுவரை இது உடையாமல் இருந்தால் போதும் என்று ஒவ்வொரு நாள் காலையும் வேண்டிக்கொள்கிறேன். சமயத்தில் யோசிக்கிறேன், இக்லாஸ். முந்தஸிர் தெருவில் இறங்கியது ஒரு பெயரைக் கண்டுபிடிக்கவா, தேர்தலைக் கொண்டுவரவா?

பாய் வெயிலில் நைந்து போயிருக்குமே. சுருட்டி உள்ளே வைத்தால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

உன் அண்ணன்
பாபிகர்

*

அட்பரா
ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை, மறந்திருப்பாய். இப்போது நான் எழுதப்போவதை வேறு யாருக்கும் என்னால் எழுத முடியாது.

நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின் கொல்லும் வெயில். திறந்திருந்த கதவு வழியாக ஓர் அம்மாள் வந்தாள். தலையில் வெள்ளை மேலாடை. செருப்பை வாசலில் விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை, நேராகப் பாயில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்தாள். துக்க வீட்டுக்கு வந்தவரிடம் நீங்கள் யார் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? நானும் எதிரே உட்கார்ந்து கை தூக்கினேன். இருவருமாக, இறந்தவனுக்காகப் பாத்திஹா ஓதி முகத்தில் தடவிக்கொண்டோம். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"நான் ஹைதரோட அம்மா."

என் கைகளை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அழவில்லை. "கை தூக்கினதுக்கு அல்லா உன்னக் காப்பாத்துவான் மகளே" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒருவருடைய பாத்திஹாவுக்குக் கை தூக்கினால் அவருடைய துக்கத்தை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். தூக்காவிட்டால் வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போக வேண்டும், அந்த உறவு அதோடு முடிந்தது. உமர் சித்தப்பாவுக்கு அவர் மைத்துனர் வீட்டில் நடந்ததே, நினைவிருக்கிறதா? சாகும்வரை அவர் அந்தத் தெருவில் நடக்கவில்லை. அப்படிப்பட்ட கையை நான் யாருக்குத் தூக்கினேன் என்று பார். மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஸகீனா மாமி சுவரில் மோவாயை வைத்துக்கொண்டு சொல்கிறாள், "ரெண்டு வருஷமாப் பாயக் காவல் காத்தே. கடைசியில உக்கார வெச்சது யாரைடி?"

என்னைத் தேற்றி நாலு வரி எழுது அண்ணா. ஜூலை 11 நெருங்குகிறது.

இக்லாஸ்

*

கார்த்தூம்
ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதம் கிடைத்தவுடனே எழுதுகிறேன்.

நீ செய்தது தவறே இல்லை. ஒரு கண் பார்வை போன தாய் அந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நீ கை தூக்காமல் இருந்திருந்தால்தான் நம் அம்மா வளர்த்த பெண்ணா என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன். உன் கைக்குத் தெரிந்தது உன் மனதுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். இது இறைவன் காட்டிய வழியாகக்கூட இருக்கலாம். அவசரப்பட்டு வெறுக்காதே.

ஜூலை 11 அன்று எனக்கு இங்கே ஒரு முக்கியக் கூட்டம் இருக்கிறது. வரத் தாமதமாகலாம். நீ முன்னால் போ. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உன் அண்ணன்
பாபிகர்

*

அட்பரா
ஜூலை 12

மதிப்புக்குரிய பாபிகர் அவர்களுக்கு,

நீங்கள் நலமாகவே இருப்பீர்கள்.

நேற்று அம்மாவின் நீலக்கரை மேலாடையை உடுத்திக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். உங்களுக்காகப் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்து, அதன் மேல் என் பையை வைத்திருந்தேன். ஹைதரைக் கூண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இளைத்திருந்தான். என்னைப் பார்த்தான், பிறகு காலியாக இருந்த அந்த நாற்காலியைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

நீதிபதி என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, மனப்பாடம் செய்து வைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "உக்காருங்கம்மா. நீங்க சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. உங்க அண்ணன் போன வாரமே கார்த்தூம்ல நீதிபதி முன்னால மன்னிச்சுட்டாரு."

நான் உட்காரவில்லை. "அவன் ஒண்ணு சொல்லணும்னு இருந்தானே? அதைக் கேளுங்க" என்றேன். நீதிபதி கேட்டார். ஹைதர் தரையைப் பார்த்தபடி, "சொல்றதுக்கு எதுவும் இல்லய்யா" என்றான். ஐந்து வருடச் சிறை. அதில் பாதி கழிந்துவிட்டது. கதவருகே சீருடையில் நின்ற இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தோம் மாமா பஸ் நிலையத்திலிருந்து ஓடி வந்திருந்தார். "என்னாச்சு பொண்ணே? அண்ணன் வரலயா?" "வந்துட்டுப் போயிட்டாரு மாமா" என்றேன்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இக்லாஸ்

*

கார்த்தூம்
ஆகஸ்ட் 28

இக்லாஸ்,

ஆறு ஏறிவருவதாகச் செய்தி. வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிடவில்லையே? நீ எழுதாமல் இருப்பதால் தோம் மாமாவிடம்தான் உன் நலம் கேட்கிறேன். "மூச்சு விடுறா. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்கிறார்.

பலமுறை எழுதிக் கிழித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வழக்கு மேலிடம் வரை போயிருந்தால் ராணுவத்தார் பேச்சுவார்த்தை மேசையை விட்டு எழுந்திருப்பார்கள். வெளிப்படையாகவே சொன்னார்கள். எழுந்தால் நவம்பரும் இல்லை, தேர்தலும் இல்லை, தெருவில் மறுபடி பிணங்கள்தான். வழக்கு முடிந்தால் நாற்காலியைத் தேதி தவறாமல் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் செத்துப்போன தம்பி. இன்னொரு பக்கம் இன்னும் சாகாத ஆயிரம் தம்பிகள். எனக்கு எடுத்துக்கொள்ளக் கிடைத்தது ஒன்றுதான். சிறையில் ஏழு வருடம் நான் கிடந்தது இந்த ஒரு நவம்பருக்காக. உன்னிடம் முன்பே சொல்லியிருந்தால் நீ சம்மதித்திருக்க மாட்டாய். அதனால் சொல்லவில்லை.

இன்னொன்று. கோபப்படாதே. ஹைதரின் அம்மாவுடைய பாத்திஹாவுக்கு முதலில் கை தூக்கியது நீ. நான் தூக்கியது உன் கைக்குப் பின்னால்தான். அதை நினைத்துத்தான் நீதிபதி முன்னால் என் நாக்கு புரண்டது.

நவம்பர் வரட்டும். நீயே என்னைப் புரிந்துகொள்வாய்.

பாபிகர்

*

அட்பரா
அக்டோபர் 20

மதிப்புக்குரிய பாபிகர் அவர்களுக்கு,

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். வெள்ளம் வடிந்துவிட்டது. குழாயில் வந்த சேறும் தெளிந்துவிட்டது.

துறைமுகச் சாலையை மறித்திருப்பதால் மாவு வரவில்லை. விடிவதற்கு முன்பே ரொட்டிக்கு வரிசை. நேற்று வரிசையில் ஒருத்தி, "ராணுவம் முழுசா எடுத்துக்கிட்டா ரொட்டியாவது கிடைக்கும்" என்றாள். இன்னொருத்தி, "முப்பது வருஷம் அவங்கதானே வெச்சிருந்தாங்க, அப்ப நீ கேக்கா தின்னே?" என்று கேட்டாள். சிரித்தோம். ஆனால் முதலில் பேசியவளோடு தலையாட்டியவர்கள் பாதிப்பேர்.

அரண்மனை வாசலில் ராணுவத்துக்கு ஆதரவாகக் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களாமே. அங்கே மட்டும் வேளாவேளைக்குச் சோறு வருகிறதாம். நாளை இங்கே சிவிலியன் ஆட்சி கேட்டு ஊர்வலம். நான் போகிறேன்.

நீங்கள் விலை கொடுத்து வாங்கிய நாற்காலி வருவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுத்த விலையில் பாதி என்னுடையது.

இக்லாஸ்

*

அட்பரா
நவம்பர் 3

அன்புள்ள அண்ணா,

எங்கே இருக்கிறாய்? ஒன்பது நாளாகப் போனும் இல்லை, இணையமும் இல்லை. வானொலியில் ராணுவப் பாட்டு. அரசைக் கலைத்தாயிற்று என்றார்கள். உன் பெயரை எந்தப் பட்டியலிலும் சொல்லவில்லை. இருப்பவர்கள் பட்டியலிலா, இல்லாதவர்கள் பட்டியலிலா என்றுகூடத் தெரியவில்லை.

மாத்திரையை எடுத்துக்கொண்டுதான் போனாயா? உன் செருப்பு? அண்ணி எங்கே? நான் எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. தோம் மாமா எப்படியாவது உள்ளே நுழைந்து இதைக் கொடுப்பதாகச் சொல்கிறார். பாலங்களையெல்லாம் மூடிவிட்டார்களாம். ஒரு வரி போதும். கிறுக்கியாவது அனுப்பு.

உன் தங்கை
இக்லாஸ்

*

கார்த்தூம்
நவம்பர் 27

அன்புத் தங்கை இக்லாஸுக்கு,

இறைவனுக்கு நன்றி, உயிரோடு வீடு வந்தேன். நான்கு வாரம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அடிக்கவில்லை. இளைத்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை. அண்ணியும் பிள்ளைகளும் சுகம்.

பிரதமரை மறுபடி உட்கார வைக்க ராணுவத்தோடு ஒப்பந்தம் ஆகியிருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். தெருவில் எங்களைத் துரோகிகள் என்கிறார்கள். இருக்கட்டும். என்னையும் பழைய இடத்துக்குத் திரும்ப வரச் சொல்கிறார்கள். நான் மறுத்தால் அந்த இடத்தில் இன்னும் மோசமானவன் வந்து உட்காருவான். கிடைத்ததையாவது காப்பாற்ற வேண்டும். வருவதாகச் சொல்லிவிட்டேன்.

வேலையில் சேர்வதற்கு முன் வீட்டுக்கு வர வேண்டும்போல் இருக்கிறது. டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் வருகிறேன். முதலில் முந்தஸிருக்கு உன்னோடு உட்கார்ந்து பாத்திஹா ஓத வேண்டும். அதன் பிறகாவது அந்தப் பாயைச் சுருட்டிவிடுவோம். நடந்தது நடந்துவிட்டது, நமக்கு நாம்தானே மிச்சம்?

உன் அண்ணன்
பாபிகர்

*

அட்பரா
டிசம்பர் 2

அண்ணா,

உயிரோடு திரும்பினாய். அதற்காக நேற்று ஸகீனா மாமியோடு சேர்ந்து தெருப் பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

நவம்பர் 3 அன்று நான் எழுதிய கடிதத்தைத் தோம் மாமா திருப்பிக் கொண்டுவந்தார். "வீடு பூட்டியிருக்கு பொண்ணே. வாசல்ல ரெண்டு சிப்பாய்ங்க. ஒருத்தன் என் பஸ் டிக்கெட்டையே தலைகீழாப் பிடிச்சுப் படிச்சான்" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அந்த வாரத்தில்தான் அவள் மறுபடி வந்தாள். ஹைதரின் அம்மா.

இந்தத் தடவை பாயில் உட்காரவில்லை. கதவருகே நின்றாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "இன்னிக்கு ஒண்ணும் கேக்க வரல மகளே. கடன்காரியாச் சாக வேணாம்னு வந்தேன்" என்றாள். ஹைதரை வெளியே விட்டுவிட்டார்களாம். சீருடையும் கொடுத்துவிட்டார்களாம். "அதே ஆத்தங்கரை வீட்டு வாசல்ல நிக்கிறான். ராத்திரி சத்தம் கேக்குது அங்கேருந்து. அவன் ரேடியோவ ஏத்தி வெக்கிறானாம்." மேலாடையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "உந்தம்பிய அடிக்கச் சொன்னது யாருன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கான். அப்ப இங்க பெரியவரா இருந்தவரு. ஸிராஜ்."

நான் அதிரவில்லை, அண்ணா. ஏப்ரலில் உன்னைக் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதாத அன்றே அது என் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் கடிதத்தில் அவர் தேநீர் குடிப்பதைக்கூட எழுதிய நீ, அதற்குப் பிறகு ஒரு கடிதத்திலும் அவர் பெயரை எழுதவில்லை. ஆனாலும் அவர் எதிரே உட்கார்ந்து, சர்க்கரை போடாத அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்தாய்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆயிரம் தம்பிகளுக்காக ஒரு தம்பியை விட்டேன் என்று நீ எழுதியதை எத்தனையோ இரவுகள் உன் பக்கம் நின்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாற்காலி வந்திருந்தால் ஒருவேளை நானும் தலையாட்டியிருப்பேன். தெரியவில்லை.

அவள் கிளம்பும்போது கேட்டேன். "அன்னிக்கு ஏம்மா பேரைச் சொல்லாம உக்காந்தீங்க?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்கண்ணன்தானே சொல்லிவிட்டாரு? வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு போங்க, கதவு தொறந்திருக்கும். பேசாம பாயில உக்காந்து கைய விரிங்க, யாருன்னு கேக்க மாட்டா, தூக்கிருவா. அதுக்கப்புறம் பேரச் சொல்லுங்கன்னு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

அவள் போன பிறகு உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'ஒரு கண் பார்வை போன தாய்' என்று ஜூனில் எழுதியிருக்கிறாய். அவளுடைய கண்ணைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை.

நம் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கையை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் நின்று மன்னித்திருக்கிறாய். 'முதலில் கை தூக்கியது நீ' என்று எழுதவும் உனக்குக் கை வந்திருக்கிறது.

தோம் மாமாவின் பஸ் காலையிலேயே போய்விட்டது. இதை அவரிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். நாளை நீ வருவதற்காக ஸகீனா மாமி வெண்டைக்காய்ப் பொடிக் குழம்புக்கு இறைச்சி வாங்கி வைத்திருக்கிறாள். "மந்திரி சபைக்காரன் வர்றான், கிஸ்ரா ரொட்டிய மெல்லிசா ஊத்துடி, மானம் போயிரும்" என்று காலையிலிருந்து சுவருக்கு மேலிருந்து கத்திக்கொண்டிருக்கிறாள். நானும் சரி சரி என்கிறேன். முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாயிற்று. பாயை உதறி, அதே இடத்தில் விரித்து வைத்திருக்கிறேன்.

நாளை ஜும்ஆ முடிந்து தெருவே உன் பின்னால் வரும். கதவு திறந்திருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவாய். பாயில் உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக் கைகளை விரிப்பாய்.

என் கைகள் மடியிலேயே இருக்கும்.

இக்லாஸ்